முப்பத்தொன்பதாம் வசனத்தையும் வாசியுங்கள், ஐயா

தீர்க்கதரிசனக் கூட்டங்களில் செய்தி கொடுக்கும் போதகர்களுக்கு ஸ்தோத்திரம்.

ஈரான் செய்தியில் அடிபடும்போதெல்லாம் உங்கள் மேடைகளில் வேதாகமத்தின் எரேமியா 49ஆம் அதிகாரம் திறக்கப்படுகிறது. நான் போன கூட்டத்திலும் அப்படித்தான். திரையில் வரைபடம், சிவப்பு அம்புக்குறிகள். ஏலாமின் (இன்றைய ஈரானின் தென்மேற்குப் பகுதி) வில் முறிந்தது, நாலு திசைக் காற்றும் வந்தது, பட்டயம் வந்தது. 38ஆம் வசனத்தோடு போதகர் வேதாகமத்தை மூடினார். கைதட்டல். என் பக்கத்தில் இருந்த அம்மாவின் மகனுக்கு வளைகுடாவில் வேலை. அவர் மட்டும் கைதட்டவில்லை.

என் மடியில் பைபிள் திறந்தே கிடந்தது. அதிகாரம் 38இல் முடியவில்லையே! இன்னும் ஒரே ஒரு வசனம். கடைசி நாட்களில் ஏலாமின் சிறையிருப்பைத் திருப்புவேன், அதாவது அதை மீண்டும் வாழவைப்பேன் என்கிறார் கர்த்தர்.  எஸ்தர் ராணி வாழ்ந்த சூசான் நகரம் ஏலாமில்தான். சீஷர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் தங்கள் சொந்த பாஷையில் செய்தி கேட்டவர்களில் ஏலாமியரும் உண்டு.

இஸ்ரவேலின் அண்டை தேசங்களான மோவாபுக்கும் (எரேமியா 48:47) அம்மோனுக்கும் (49:6) இதே வாக்கு உண்டு. ஏதோமுக்கும் தமஸ்குவுக்கும் அங்கே அப்படி ஒரு வரி இல்லை, அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் இருக்கிற வரியை ஏன் விழுங்க வேண்டும்?

ஏசாயா 19 இன்னும் கடினம். கி.மு. 722 வாக்கில் இஸ்ரவேலின் தலைநகர் சமாரியாவை வீழ்த்தியது அசீரியா. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் லாகீஸ் நகரத்தைப் பிடித்தான். பிடிபட்ட யூதா மனிதரைக் கழுவில் ஏற்றும் காட்சியைத் தன் நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கியும் வைத்தான். அந்தக் கல் இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட அசீரியாவை ‘என் கரங்களின் கிரியை’ என்றும், எகிப்தை ‘என் ஜனம்’ என்றும் கர்த்தர் அங்கே அழைக்கிறார் (19:25). இஸ்ரவேல் மூன்றாவதாகத்தான் வருகிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இது ‘எகிப்திலும் அசீரியாவிலும் இருக்கிற என் ஜனம்’ என்று மாறிக் கிடக்கிறது. அன்றைக்கே தொண்டையில் சிக்கியிருக்கும் போல.

நியாயத்தீர்ப்பைப் பிரசங்கிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வில் முறிவதும் வேதத்தில்தான் இருக்கிறது. ஆனால் மோவாபின் அழிவைச் சொல்லும்போது ஏசாயாவின் உள்ளம் சுரமண்டலம் என்ற நரம்பு வாத்தியம்போல் தொனித்தது (16:11). எதிரி தேசத்துக்காகத்தான் அந்த அழுகை. உங்கள் மேடையில் அந்த இடத்தில் கீபோர்டும் டிரம்ஸும் அல்லவா ஏறுகின்றன?

அடுத்த கூட்டத்தில் எரேமியா 49ஐ எடுத்தால் 39ஆம் வசனத்தையும் திரையில் போடுங்கள், ஐயா. அந்த அம்மா எப்போதும் மூன்றாவது வரிசையில்தான் உட்காருவார்.

இப்படிக்கு,
பின்வரிசை விசுவாசி ஒருவன்