விலகும் முன் ஆவணத்தைப் படியுங்கள்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் தண்டனை பெற்ற ஏழையின் முதல் மேல்முறையீட்டுக்கு நியமிக்கப்பட்ட வழக்கறிஞர், ‘வழக்கில் வலுவில்லை’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு விலக முடியாது. ஆண்டர்ஸ் வழக்கில் (1967) அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது இது: விசாரணை ஆவணம் முழுவதையும் படித்து, வாதிடத்தக்கதாகத் தோன்றும் எதையும் குறிப்பிட்டு, விலக அனுமதி கேட்டு மனு தர வேண்டும், நகல் கட்சிக்காரருக்கும் போக வேண்டும், தன் தரப்பை எழுத அவருக்கு அவகாசம் வேண்டும். பிறகு நீதிமன்றமும் ஆவணத்தை ஆராய்ந்தே வழக்கறிஞரை விடுவிக்க வேண்டும். தோற்கக்கூடிய வாதம் வேறு, வாதமே இல்லாத வழக்கு வேறு, பின்னதில்தான் விலகலாம்.

பென்சன் வழக்கில் (1988) பிசகியது இந்த வரிசைதான். ஓஹாயோ மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் முதலில் வழக்கறிஞரை விடுவித்தது. பிறகு வாதத்துக்கு இடமுண்டு என்று தானே கண்டும், புதியவரை நியமிக்கவில்லை. மாநிலங்கள் வேறு முறை வகுக்கலாம் என்றது அதே உச்ச நீதிமன்றத்தின் ராபின்ஸ் தீர்ப்பு (2000). என் பார்வையில், எம்முறையானாலும் நகலும் அவகாசமும் விடுபடக் கூடாது.