இரண்டு விடியல்

பேர்த்,
ஞாயிறு காலை

அன்பு மச்சான்,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீ தந்துவிட்ட பலகாரம் உடையாமல் வந்தது. முழங்கால்தான் இன்னும் வீங்கிக் கிடக்கிறது. லண்டனிலிருந்து 14,500 கிலோமீற்றர், பதினேழு மணித்தியாலம் ஒரே இருப்பு என்றால் சும்மாவா?

உன்னிடம் சொல்ல மறந்த விஷயம் ஒன்று. அங்கே வரும்போது பேர்த்தில் பொழுதுபட்டு ஏறினேன், லண்டனில் இறங்கும்போதும் இருட்டு. மேற்கே போகப் போக இரவும் கூடவே வந்தது. வழி முழுக்கச் சூரியனைக் காணவேயில்லை.

இதே பேர்த்திலிருந்து ஒரு காலத்தில் போனவர்கள் ஒரே பயணத்தில் இரண்டு தரம் விடியலைப் பார்த்தார்களாம். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்ததும் அவுஸ்திரேலியாவுக்கு லண்டனோடு இருந்த விமானத் தொடர்பு அறுந்துபோனது. அடுத்த வருடம் குவாண்டாஸ் விமானக் கம்பனிக்காரர் ‘கற்றலினா’ என்ற கடல் விமானங்களை விட்டார்கள். நான் பின்னேரத்தில் நடக்கப் போகிற சுவான் ஆற்றில்தான் அவை கிளம்பும். போய் இறங்குமிடம் எது தெரியுமா? நம் இலங்கையின் கொக்கல!

பள்ளிக்கூடச் சுற்றுலாவில் காலியைத் தாண்டி மாத்தறைப் பக்கம் போனபோது, ஒரு களப்போரம் பஸ்ஸை நிறுத்தி இடியப்பப் பார்சல் பிரித்தோமே, அந்தத் தண்ணீர்தான். நீ சம்பலைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு நின்றாய். ஒரு வாத்தியாரும் இந்தக் கதையைச் சொல்லவில்லை.

தூரம் 5,600 கிலோமீற்றருக்குச் சற்று மேல். இன்றைய விமானத்துக்கு ஏழெட்டு மணித்தியாலம் போதும். அவர்களுக்கு 27 முதல் 32 மணித்தியாலம் வரை பிடித்தது. எதிர்க்காற்று அடித்தால் நேரம் கூடும். பெற்றோலே பாரம் என்பதால் பயணிகள் மூன்று பேர், எழுபது கிலோவுக்கும் குறைவான தபால், அவ்வளவுதான். எதிரிக்குக் கேட்டுவிடும் என்று வானொலியையும் வாய்மூடி வைத்தார்கள். நட்சத்திரம் பார்த்துத்தான் வழி.

ஐந்து விமானத்துக்கும் நட்சத்திரப் பெயர்கள்: அல்டேர், வேகா, ரைஜல், அன்டாரெஸ், ஸ்பைக்கா. அல்டேர் நம் திருவோணம், ஸ்பைக்கா சித்திரை, அன்டாரெஸ் கேட்டை. உன் நட்சத்திரமேதான்! கேட்டையில் பிறந்தவன் கோட்டை கட்டுவான் என்று உன் அம்மா சொல்லிக்கொண்டேயிருப்பா. கோட்டையைக் காணோம், ஆனால் உன் பெயரில் ஒரு பிளேன் இந்து சமுத்திரத்தைத் தாண்டியிருக்கிறது. போர் முடிந்ததும் ஐந்தையும் கடலில் தாட்டுவிட்டார்கள் என்பதை உன் மனைவிக்குச் சொல்லாதே.

அப்புறம், என் மப்ளர் உங்கள் வீட்டுக் கதிரையில் கிடக்கும். தபாலில் போடாதே, பங்குனியில் நீயே கொண்டு வா. நடைபாதைப் பக்கத்து இருக்கையாகக் கேட்டு எடு, கால் நீட்டலாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி