லோ-கோட் ஆப் நூலகம்: பதிவேற்றும் முன் இதைப் பாருங்கள்

நண்பர்களே, நம் பொது நூலகத்துக்கு லோ-கோட் ஆப்கள் (அதிகம் நிரல் எழுதாமல் உருவாக்கும் ஆப்கள்) வரத் தொடங்கிவிட்டன, ரொம்ப சந்தோஷம். ஆனால் நேற்று வந்த விடுப்பு விண்ணப்ப ஆப்பைத் திறந்து பார்த்தால், ஒப்புதல் மின்னஞ்சல் போகவேண்டிய முகவரி ஃப்ளோவுக்குள்ளேயே, அதாவது வேலைகளைத் தானாகச் செய்யும் பணித்தொடருக்குள்ளேயே, நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது. இறக்கிக்கொள்பவர் கவனிக்காமல் ஓட்டினால் அவர் ஊழியர்களின் விடுப்பு விவரமெல்லாம் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேரும். அதனால் மைக்ரோசாஃப்டின் லோ-கோட் கருவியான பவர் ஆப்ஸில் செய்பவர்கள், இடத்துக்கு இடம் மாறும் முகவரி, தள இணைப்பு போன்றவற்றை என்விரான்மென்ட் வேரியபிளாக (ஆப்பைத் தொடாமல் தனியாக மாற்றக்கூடிய மதிப்பு) வைத்து, மதிப்பைக் காலியாக விட்டு, சொல்யூஷனாக (ஆப்பையும் அதன் பாகங்களையும் சேர்த்துக் கட்டிய தொகுப்பு) ஏற்றுமதி செய்யுங்கள். அப்போதுதான் இறக்குமதியின்போதே புதியவரிடம் அவருடைய மதிப்பைக் கேட்கும். அன்மேனேஜ்டாகவே (திருத்தக்கூடிய வடிவில்) தாருங்கள், எடுப்பவர் திறந்து திருத்திக் கற்றுக்கொள்ளத்தானே இந்த நூலகம்.

அப்புறம், மாதிரித் தரவில் உண்மையான ஆட்களின் பெயரோ கைபேசி எண்ணோ வேண்டவே வேண்டாம். பிரீமியம் கனெக்டர் (வேறு சேவைகளோடு ஆப்பை இணைக்கும், கட்டண உரிமம் வேண்டிய பாகம்) இருந்தால் விளக்கத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், பாதி வேலை முடித்த பிறகு கட்டண உரிமம் தேவை என்று தெரிந்தால் மனது விட்டுப்போகும். உங்கள் ஆப்பை மற்றவர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமக் கோப்பும் அவசியம்: அது இல்லாமல் பொதுவில் போட்டால், பார்க்கலாமே தவிர எடுத்து மாற்ற யாருக்கும் சட்டப்படி அனுமதி கிடைக்காது. யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்த அனுமதிக்கும் எம்ஐடி உரிமம் போதும்.

சரி, அந்த விடுப்பு ஆப்பை எழுதியவரிடம் பேசிவிட்டேன், இருவருமாக இன்று இரவு திருத்திப் போடுகிறோம்.