ஐந்தடியில் ஓர் அகதி வாழ்வு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

புலம்பெயர் இலக்கியம் இலங்கையின் 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் பிறந்தது என்றே பலரும் எழுதுகிறார்கள். பெயர் புதிது, பாடு மிகப் பழையது. பறம்பு மலையை மூவேந்தரிடம் இழந்த பாரியின் மகளிர் பாடியதாக வரும் புறநானூற்றின் 112ஆம் பாடல் ஐந்தே அடிதான். போர்க்கள வருணனை அதில் இல்லை. வென்றவர்களின் முரசு மட்டும் கேட்கிறது. அன்றைய நிலவில் தந்தையும் குன்றும் இருந்தன, இன்றைய நிலவில் இரண்டும் இல்லை என்பதற்கு மேல் ஒரு சொல்லும் புலம்பாமல், மாறாத நிலவைக் கொண்டே மாறிப்போன வாழ்வை அது அளந்துவிடுகிறது.

இசையிலும் இதே அடக்கத்தைக் காணலாம். 1830இல் வார்சாவை விட்டுப் புறப்பட்ட சில வாரங்களில் அங்கே கிளர்ச்சி வெடிக்க, பிறகு நாடு திரும்பவே முடியாத போலந்து இசையமைப்பாளர் சோப்பின், 1849இல் பாரிசில் இறக்கும் காலம்வரை போலந்துக் கிராம நடனமான மசூர்க்காவின் தாளத்தில் எழுதிக்கொண்டிருந்தார். இறந்தபின் எடுக்கப்பட்ட அவருடைய இதயம் மட்டும் வார்சா திரும்பியது.

ஈழத்திலிருந்து சென்றவர்கள் பனிக்கு நடுவே பனையை எழுதுவதும் இவ்வகையே. ஆனால் நம் மதிப்புரைகள் அவற்றைச் சாட்சியமாக மட்டுமே படிக்கின்றன (அனுதாபமும் ஒருவகை அலட்சியமே). தங்கள் இலக்கியப் பக்கம் அவற்றின் சொல்லையும் மெட்டையும் ஆராயும் கட்டுரைகளுக்கு இடமளிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்