சுங் லிங் சூ இறந்தது தோட்டா மாறியதால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேடையில் உயிர்விட்ட மாயவித்தைக்காரர்கள் பற்றிய கடந்த வாரக் கட்டுரையில், சுங் லிங் சூவின் உதவியாளர் போலித் தோட்டாவுக்குப் பதிலாக நிஜத் தோட்டாவைப் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. தன்னை நோக்கிச் சுட்ட தோட்டாவைத் தட்டில் பிடிப்பதாகக் காட்டும் அந்த வித்தையில் தினமும் துப்பாக்கிக் குழலுக்குள் போனதே நிஜத் தோட்டாதான், வெடிமருந்தும் நிஜம். பார்வையாளர்கள் அடையாளமிட்ட தோட்டாக்கள் மட்டும் நடுவழியில் மாற்றப்பட்டு சூவிடம் போய்ச் சேரும்.

சூட்சுமம் துப்பாக்கியில் இருந்தது. நம்மூர் நாட்டுத் துப்பாக்கி போல வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற ரகம் அது. குழலுக்குக் கீழே, கெட்டிக்கும் கம்பியைச் செருகி வைக்க ஒரு குழாய் இருக்கும். அதில் தோட்டா இல்லாமல் வெறும் மருந்து. விசையை இழுத்தால் தீப்பொறி மேல் குழலுக்குப் போகாமல் அடைத்து, கீழ்க் குழாய்க்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். சத்தமும் புகையும் அங்கிருந்துதான்; தோட்டா மேலேயே கிடக்கும். சூ தட்டில் 'பிடித்து'க் காட்டுவது அடையாளமிட்டதை.

காட்சி முடிந்தால் மேல் குழலில் கிடப்பதைச் சுட்டுத் தீர்க்க வேண்டும், அல்லது திருகுமுனைக் கம்பியை விட்டுத் தோட்டாவை வெளியே இழுக்க வேண்டும். சூ சிக்கனம் பார்த்தார். மருந்தும் தோட்டாவும் வீணாகாமல் இருக்க, ஒவ்வொரு முறையும் குழலின் அடிப்பாகத்தைக் கழற்றி அவற்றை வெளியே எடுத்தார். கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி அங்கே மெல்லிய சந்து விழுந்தது. 1918 மார்ச் 23 இரவு, லண்டன் உட் கிரீன் எம்பயர் அரங்கில், தீ அந்தச் சந்து வழியாக மேல் குழலுக்கு ஏறிவிட்டது. தோட்டா நுரையீரலைத் துளைத்தது. மறுநாள் இறந்தார். துப்பாக்கி நிபுணர் ராபர்ட் சர்ச்சில் ஆயுதத்தைப் பரிசோதித்தார். விசாரணையும் விபத்து என்றே முடிந்தது. 'கொலையா?' என்ற துணைத்தலைப்புக்கு வேலையே இல்லை.

இன்னொன்று, அவர் சீனரும் அல்லர். 1861இல் பிறந்த அமெரிக்கர் வில்லியம் எல்ஸ்வொர்த் ராபின்சன். கெல்லார், ஹெர்மன் என்ற பிரபல மாயவித்தைக்காரர்கள் இருவரிடமும் திரைக்குப் பின்னால் வேலை பார்த்தவர். சிங் லிங் ஃபூ என்ற அசல் சீனக் கலைஞரின் பாணியையும், ஏறக்குறைய பெயரையுமே எடுத்துக்கொண்டார். மேடையில் ஆங்கிலம் தெரியாதவராகவே நடித்தவர், குண்டு பட்டதும் திரையை இறக்கச் சொன்னது ஆங்கிலத்தில். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி