கட்டுப் பிரித்த அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

நல்ல பாம்பு கடித்து மருத்துவமனையில் இருந்த அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். பட்டபாடு உங்களுக்கெல்லாம் தெரியும்; அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் இன்றே சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி, கட்டுப் போடும் அறையில் இருந்த அண்ணனுக்கு. விஷமுறிவு மருந்து அப்பாவின் உயிரைக் காத்தது. ஆனால், நல்ல பாம்பின் விஷம் அழித்துவிட்ட சதையை அந்த மருந்தால் மீட்க முடியாது என்று டாக்டர் சொன்னார். புறங்கால் கறுத்து, செத்த சதையை வெட்டி எடுத்த பிறகுதான் அது எங்களுக்கு விளங்கியது. அதன்பின் கட்டுப் பிரிப்பது என்றாலே அப்பாவுக்குக் குலைநடுக்கம். காய்ந்து ஒட்டிய துணியை இழுத்தால் புதிதாக வளரும் சதையும் பிய்ந்து வரும். அந்த அண்ணன் ஒருநாளும் இழுத்ததில்லை. வெளியே வரிசை நீண்டிருந்தாலும், சலைனைச் சொட்டுச் சொட்டாக விட்டு, துணி நெகிழும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "சம்பாவுக்கு என்ன ரகம் போட்டீர்கள், ஐயா?" என்று கேட்பார். அப்பா சி.ஆர். 1009-இல் ஆரம்பித்து வாய்க்கால் தண்ணீர், உரவிலை என்று போய்க்கொண்டே இருப்பார். துணி கழன்றிருக்கும்! ஒருநாள் அப்பா முனகியதும் சட்டென்று கையை எடுத்துவிட்டு, "நீங்கள் சொன்ன பிறகு தொடுகிறேன்" என்றார். அப்பாவின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். புண்ணில் சிவப்பாகச் சதை மணிமணியாக எழும்பியபோது, "பாருங்கள் தங்கச்சி, இனித் தோல் ஒட்டலாம்" என்று கூப்பிட்டுக் காட்டியவரும் அவர்தான். தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல் பிடித்துக்கொண்டது.

கயிறு கட்டாமல், கீறாமல், நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோன தெருப் பிள்ளைகள், டாக்டர்கள், நர்ஸ் அக்காமார், துப்புரவுப் பணியாளர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், மாட்டைப் பார்த்துக்கொண்ட பெரியம்மா, எல்லோருக்கும் நன்றி.

நான் பார்த்தே இராத இருளர் மக்களுக்கும். வடநெம்மேலியில் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, பாம்பைப் பிடித்து விஷம் எடுத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். அப்படி எடுத்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்துதான் இந்த மருந்தைச் செய்கிறார்கள். அவர்களில் பாம்பு பிடிக்கும் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது செய்தியாகப் படித்தேன். இப்போது அந்தப் பெயர்களைச் சொல்லும்போதே கை தானாகக் கூம்புகிறது.

தம்பியும் நானும் ஒன்று முடிவு செய்திருக்கிறோம். அடுத்த நடவுக்குள், எங்கள் தெருவில் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் எல்லோருக்கும் முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸும் டார்ச்சும் வாங்கிக் கொடுப்போம். பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டோம்.