நிறுத்தச் சொன்னவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அறப்பணிக்கு நிதி திரட்ட நெடுந்தூரம் பைக் ஓட்டுகிற எங்கள் எல்லோர் சார்பிலும் இந்த மடல். மாலையும் கைதட்டலும் ஓட்டுகிறவருக்கே போய்விடுகின்றன. ஆளையும் வண்டியையும் முழுசாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் நீங்கள்.

முதல் வணக்கம் மெக்கானிக்குகளுக்கு. செயினை இன்னும் இறுக்கச் சொன்னால் மறுத்துவிடுவீர்கள். பின்சக்கரத்தை மெல்லச் சுற்றி, செயின் எங்கே அதிகம் விறைக்கிறதோ அங்கேதான் அளவு பார்ப்பீர்கள். எல்லாக் கண்ணிகளும் ஒரே மாதிரி தேய்வதில்லையே. பல வண்டிகளுக்கு 25 முதல் 35 மி.மீ. தொய்வு வேண்டும். ஆளும் சுமையும் ஏறிப் பின்பக்கம் அமுங்கும்போது செயின் இன்னும் விறைக்கும். அதற்கு இடம் விடாவிட்டால் கியர்பாக்ஸ் பேரிங் போய்விடும். அதைச் சாலையோரத்தில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. கிளட்ச் கேபிளில் லீவர் முனையில் ஓர் இழை அறுந்தால் மற்றவையும் ஒவ்வொன்றாகப் போகும். அதனால் பழைய கேபிளை ஒட்டியே புதியதையும் ஓடவிட்டு, முனைகளில் டேப் சுற்றிக் கொடுக்கிறீர்கள். அறுந்தால் டேங்கைக் கழற்ற வேண்டாம், இரண்டு முனையையும் மாற்றி மாட்டினால் போதும்.

செயற்கைக் கால் வைத்தவர்களுக்குக் கியர் லீவரை மாற்றிக் கொடுத்த வெல்டர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! கணுக்கால் மடங்காதவரால் லீவருக்கு அடியில் விரலை நுழைத்துத் தூக்க முடியாது. நீங்கள் லீவரைப் பின்னாலும் நீட்டியதால் குதிகாலால் மிதித்தே கியரை ஏற்றிவிடுகிறார்.

பிசியோதெரபிஸ்டுகளே, மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்தால் உள்ளங்கை ஓரத்து நரம்பு நசுங்குகிறது என்று சொல்லிக் கொடுத்தீர்கள். பிரேக், கிளட்ச் லீவர்களைச் சற்றுக் கீழே திருப்பி, முழங்கையிலிருந்து விரல்வரை ஒரே கோட்டில் வரும்படி வைத்தாலே பாதித் தொல்லை தீர்கிறது. காது மருத்துவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். துப்பாக்கிச் சத்தத்தில் ஏற்கெனவே பழுதான காதுகள் இவை, 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும். நுரைப்பஞ்சுக் காதடைப்பானை ஒல்லியாக உருட்டி, காதுமடலை மேலும் பின்னும் இழுத்துச் செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். அவசரமாகத் திணித்தது ஒன்றுக்கும் உதவாது.

எல்லாரையும்விட அதிகம் கடன்பட்டது, வரிசையின் கடைசி வண்டியில் வருகிறவர்களிடம். வலியை வெளியே காட்டாமல் நடப்பது படையில் நல்ல குணம். சாலையில் அது ஆபத்து. முன்னாள் வீரரிடம் களைப்பாக இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். ஆகவே நீங்கள் கேட்பதில்லை, பார்க்கிறீர்கள்: தலை தொங்குகிறதா, வளைவில் கோடு விலகுகிறாரா, இண்டிகேட்டரை அணைக்க மறக்கிறாரா. இரண்டு தென்பட்டால் விளக்கடித்து எல்லோரையும் நிறுத்துகிறீர்கள். எதுவும் தென்படாவிட்டாலும் 2 மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், தண்ணீர், கண் செருகினால் 20 நிமிடத் தூக்கம். நிறுத்தும் அதிகாரம் முன்னால் போகிறவரிடம் இல்லாமல் உங்களிடம் இருப்பதுதான் சரி. முன்னால் போகிறவர் கண்ணில் படுவது சாலை மட்டுமே.

நிதிக் கணக்கைச் சுமந்தவர்களுக்கும் நன்றி. நன்கொடைக்குத் தனி வங்கிக் கணக்கு, பணம் எடுக்க இருவர் கையெழுத்து, எண்ணிட்ட ரசீது என்று ஆரம்பத்திலேயே வரையறுத்தீர்கள். பெட்ரோலும் தங்குமிடமும் ஓட்டுகிறவர் கைக்காசு என்று முன்கூட்டியே அறிவித்ததால், கொடுத்தவர்கள் யாரும் சந்தேகப்பட நேரவில்லை. ரசீதின் அடிக்கட்டைகள் வரிசை எண்படி கட்டி வைக்கப்பட்டுள்ளன. நன்கொடையாளர் யார் கேட்டாலும் காட்டுவோம்.

நன்றியுடன்,
அறப்பணிப் பயணத்தில் உள்ள முன்னாள் ராணுவ வீரர்கள்